குளிர் மேல் போட்ட பழி

தை மாதம். விடிவதற்கு இன்னும் ஒன்றரை மணிநேரம் இருந்தது. சாவியைத் திருப்பினேன். வேன் மூன்று தரம் முனகியது. நாலாவது தரம் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் மஞ்சளாகி, குப்பி விளக்கு மாதிரி ஆகிவிட்டது. வெளியே பீலிக்கரைப் புல்லெல்லாம் சுண்ணாம்புத்தூள் தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. பின் சீட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) ஆச்சி கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்று கண்டியில் கிளினிக். பக்கத்தில் அவர் மகள், மடியில் ரொட்டிப் பொட்டலம், சுடுதண்ணீர்ப் போத்தல்.

"குளிருதானே தம்பி, அதுக்கும் வயசாச்சு. மெதுவா எழும்பட்டும்" என்றார் ஆச்சி.

அது எழும்பவில்லை. ஓட்டோ ஒன்றைப் பிடித்து அவர்களை நானுஓயாவுக்கு அனுப்பினேன், அங்கிருந்து பஸ். கிளினிக்கில் கடைசி நம்பர்தான் கிடைத்ததாம். இரவு எட்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். ஆச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

யார் கேட்டாலும் நானும் "குளிருக்குத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம்.

வேனைப் பற்றிச் சொல்லவேண்டும். 1991 ஆம் ஆண்டின் ஜப்பான் டீசல் வேன். எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை, மலையகத்தில் எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் இந்த ரகத்தில் இரண்டு கடந்துபோகும். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, இங்கே ரீகண்டிஷன் என்று இறங்கி, கொழும்பில் ஒருவர், குருநாகலில் ஒருவர் எனக் கைமாறி, 2014இல் என்னிடம் வந்தது. மாற்றலாம் என்று நினைக்கும்போது 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. நடுவில் அந்த ஐந்து வருடமும் பழைய வேன்களுக்கு வந்த மவுசைப் பார்த்தால், என் வேன் வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். போகட்டும், விற்ற காசுக்கு இன்னொரு பழசுதான் கிடைக்கும், அதன் வியாதிகள் எனக்குத் தெரியாது. இதன் வியாதிகளாவது அறிமுகமானவை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குளிரைப் பற்றி வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பேசினால் சிரிப்பார்கள். கூடப் படித்தவன் ஒருவன் கனடாவில் இருக்கிறான். போனில் புலம்பியபோது, "மைனஸ் இருபதுல இங்க வண்டி எடுக்குறோம்டா, உனக்கு என்ன குளிர்?" என்று கேட்டான். கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் சில அதிகாலைகளில் 4, 5 பாகை வரை இறங்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் நின்றுபோன இரவுகளில் புல்லில் உறைபனி விழும், கொழுந்து கருகும். விடிந்து நாலு மணிநேரத்தில் அதே இடத்தில் சட்டையோடு நிற்க முடியாத வெயில். டீசல் மெழுகாகக் கட்டும் குளிர் இதில்லை. ரேடியேட்டருக்குள் தண்ணீர் உறையும் குளிரும் இல்லை. அப்படியானால் என் வேனுக்கு என்ன கேடு?

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் மாதிரி தீப்பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நசுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் அந்தக் காற்று ஐந்நூறு பாகைக்கு மேல் போகும். என் வேன் போன்ற பழைய ரகங்களில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் போய் அங்கே பற்றும். அந்த அறையின் இரும்பு குளிர்ந்திருந்தால் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். சாவியைப் போட்டதும் அது பழுத்து, அறையைச் சூடாக்கித் தரவேண்டும். இன்னொன்று, செல்ப், அதாவது எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், எஞ்சினை வேகமாகச் சுழற்றவேண்டும். மெதுவாகச் சுழன்றால், நசுங்கும் காற்று தேய்ந்த ரிங்குகளின் பக்கமாக ஒழுகிப் போகவும், சூடு சுவருக்கு இறங்கவும் நேரம் கிடைத்துவிடும்.

ஆக, பிளக் பழுக்கவேண்டும், செல்ப் சுழலவேண்டும், டீசல் வரவேண்டும். மூன்றே விஷயம். இதைத் தெரிந்துகொண்டே நான் மூன்று வருடம் முட்டாள்தனம் செய்தேன்.

முதல் வருடம் பெட்டரியை மாற்றினேன். உறைநிலைக்குப் பக்கத்தில் பெட்டரியின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று எங்கோ படித்ததும், 'அதுதான் காரணம்' என்று முடிவுகட்டிவிட்டேன். முப்பதாயிரத்துக்கு மேல் போனது. பழையதைக் கடையிலேயே கழித்துக் கொடுத்தேன். பத்து நாள் நன்றாக எடுத்தது, பிறகு பழையபடி. இரண்டாம் வருடம் நாலு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக எடுத்தது, பிறகு பழையபடி. புதுச் சாமான் எதைப் போட்டாலும் கொஞ்ச நாள் குணமாகிவிடும் போலிருந்தது. அது என்னை இன்னும் ஏமாற்றியது.

மூன்றாம் வருடம் சாமான் வாங்கக் காசில்லை. அதனால் மலைநாட்டில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். ராத்திரி மேட்டு ரோட்டில், மூக்கு கீழ்ப்பக்கம் இருக்கும்படி வேனை நிறுத்துவது. காலையில் சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை எடுத்தால் வேன் உருளும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளச்சை விட்டால் எஞ்சின் எழும்பும். இறக்கம் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் செல்ப் எதற்கு என்றுகூட நினைத்தேன்.

மாசியில் ஒரு நாள், தூறல். கிளச்சை விட்டேன். ஈரச் சருகில் பின்சக்கரம் வழுக்கியது, எஞ்சின் பிடிக்கவில்லை. வேன் மட்டும் வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. விட்டு மறுபடி மிதித்தேன், பாதி பிடித்தது. மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங் திரும்ப மறுக்கிறது. முன்னால் முடக்கு, அதற்குக் கீழே தேயிலை மலை. வேறு வழியில்லாமல் இடப்பக்கம் மண்ணில் சாய்த்தேன். முன்சக்கரம் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி, வேன் சரிந்து நின்றது. உள்ளே நான் மட்டும்தான், நல்லவேளை.

சத்தம் கேட்டு அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். முப்பது வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர். சக்கரத்தைப் பார்த்தார், கானைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"எஞ்சின் ஓடாத வண்டிக்குப் பிரேக் இருக்குன்னு ஒனக்கு யார்டா சொன்னது?"

பிரேக் சேர்வோ, அதாவது மிதிக்கும் காலுக்குப் பலம் கூட்டும் பகுதி, வேலை செய்வது வெற்றிடத்தில். பெட்ரோல் எஞ்சினில் அந்த வெற்றிடம் தானாகவே உறிஞ்சலில் கிடைத்துவிடும். டீசலில் கிடைக்காது, தனியாக ஒரு வெகியூம் பம்ப் வேண்டும். என் வேனில் அது, பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் அல்டர்நேட்டரின் முதுகிலேயே பூட்டியிருக்கிறது. எஞ்சின் நின்றால் பம்ப் நின்றது. சேமிப்பில் இருப்பது இரண்டு, மூன்று மிதிக்குத்தான் காணும். அதற்குப் பிறகு உங்கள் கால் பலம் மட்டும்தான். உருட்டி எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், சில நாள் வேறு வழியிருக்காது. ஆனால் கீழே சமதளமோ எதிர் மேடோ இல்லாத இடத்தில் நான் இனி அதைச் செய்வதில்லை. ஆள் ஏற்றிக்கொண்டு ஒருபோதும் இல்லை.

அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்ட வேனை நேராகத் தலவாக்கலைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வயரிங் கடை. அறுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் நடத்துகிறார். கடை என்றால், ஒரு தகரக் கூரையும் பெட்டரி சார்ஜரும். கதை முழுவதையும் சொன்னேன். பெட்டரி, பிளக், குளிர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செல்ப் அடிக்கும்போது பின்னால புகை வந்துச்சா தம்பி?"

"பார்க்கலியே அண்ணே."

"மூணு வருசமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள். செல்ப் சுழலும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியாமல் வெளியே வருகிறது. ஹீட்டர் பிளக், அதன் வயர், செல்ப் வேகம், கம்பிரஷன், இந்தப் பக்கம் தேடவேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. பில்டர், காற்று இழுக்கும் பைப், பம்பில் இருக்கும் டீசல் வெட்டும் சுவிட்ச், அந்தப் பக்கம். செலவில்லாத சோதனை. கூட ஒரு ஆளைப் பின்னால் நிற்கவைத்தால் போதும். நான் மூன்று வருடமும் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைச் செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். வெள்ளைப் புகை. பொனட் என்று ஒன்று எங்கள் வேனுக்குக் கிடையாது, சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும். தூக்கினார். மீட்டரின் ஒரு முனையை ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையில் வைத்தார். "சுவிட்சை அமத்துங்க" என்றார்.

அந்தச் சுவிட்ச் ஒரு தனிக் கதை. வேனோடு வந்த டைமர் எந்தக் காலத்திலோ செத்துப்போய், யாரோ ஒரு மகான் டாஷ்போர்டில் வீட்டு அழைப்புமணிச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டியிருந்தார். அதை இருபது செக்கன் அமத்திப் பிடித்திருந்து செல்ப் அடிக்கவேண்டும். சின்ன மணிப் படம்கூட அதில் இருக்கிறது. வாங்கியபோது இது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. அமத்தினேன். பெட்டரியில் 11.8 வோல்ட். பட்டையில் 7.9.

நாலு பிளக்கும் சேர்ந்தால் நாற்பது அம்பியரைத் தாண்டும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பதைப்போல நாலு மடங்கு. அத்தனையும் ஒரு மெல்லிய வயர் வழியாக, உள்ளே கருகிப்போன ஒரு சின்ன ரிலே வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு வோல்ட்டை வழியிலேயே வயர் தின்றுவிட்டது. வோல்ட் மூன்றில் இரண்டு பங்கானால் சூடு மூன்றில் இரண்டாவதில்லை, பாதிக்கும் கீழே போய்விடும். நான் வாங்கிப்போட்ட புதுப் பிளக்குகள் ஒரு நாளும் ஒழுங்காகப் பழுத்ததேயில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ப் அடிக்கச் சொன்னார். அங்கே ஒன்றும் காட்டக்கூடாது, அரை வோல்ட்டுக்குள் இருந்தால் மன்னிக்கலாம். இரண்டு வோல்ட் காட்டியது. எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையில் போகும் எர்த் பட்டை பச்சைப் பூப்பூத்து, பாதி இழை அறுந்து தொங்கியது. செல்ப் முனகியதற்கு அதுதான் காரணம். முதல் வருடம் நான் கழித்துக் கொடுத்த பெட்டரி நல்ல பெட்டரியாகத்தான் இருந்திருக்கும்.

அல்டர்நேட்டரையும் கழற்றிப் பார்த்தார். சொன்னேனே, வெகியூம் பம்ப் அதன் முதுகில். பம்புக்கு எஞ்சின் ஒயில் போகிறது. சீல் தேய்ந்து அந்த ஒயில் அல்டர்நேட்டருக்குள் கசிந்து, கார்பன் பிரஷ் நனைந்திருந்தது. ஹெட்லைட் போட்டு ஓடினால் 13 வோல்ட்கூட ஏறவில்லை. 13.8க்கு மேல் இருக்கவேண்டும். மழைக்காலத்தில் லைட்டும் வைப்பரும் ஓடி, ராத்திரி பெட்டரி பாதி வயிற்றோடு தூங்கப்போயிருக்கிறது.

புது ரிலே, கனத்த வயர், புது எர்த் பட்டை, சீல், பிரஷ். கூலியோடு சேர்த்து, பெட்டரிக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட வரவில்லை. மணிச் சுவிட்சை மட்டும் மாற்றவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அது ரிலேயைத்தான் இயக்குகிறது, சுமை அதன் தலையில் இல்லை. மகளுக்கு அதை அமத்துவது பிடிக்கும்.

அடுத்த நாள் காலை பனி நன்றாகவே விழுந்திருந்தது. பத்து எண்ணும்வரை அமத்தினேன். அரைச் சுற்றில் எடுத்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஆச்சியின் வீட்டுக் கதவு அப்போதுதான் திறந்தது.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. 'குளிருக்குத்தான்' என்று வாயில் வந்தால், உடனே அதை விழுங்கிவிட்டு வேறு காரணம் தேடுவது. தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

உதாரணத்துக்கு, காலையில் எடுத்தபிறகும் வேன் லிந்துலை தாண்டும்வரை இழுக்காமல், டீசலைக் குடித்துக்கொண்டு, கண்ணெரியும் புகை விட்டுக்கொண்டு போகும். சூட்டு முள் அடியை விட்டு எழும்பவே எழும்பாது. குளிர்தானே என்று விட்டிருந்தேன். பார்த்தால், ரேடியேட்டர் பைப் சேரும் இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை. எந்தக் காலத்திலோ கீழே ஒரு கராஜில், வேன் கொதிக்கிறது என்று கொண்டுபோனபோது, கழற்றி எறிந்துவிட்டார்கள். கொதிப்பதற்கு இது அந்தப் பக்கத்து நாட்டுவைத்தியம். தெர்மோஸ்டாட் என்பது ஒரு வாசற்கதவு. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது, என்னுடையதில் 82 பாகையில் திறக்கும், அதன் மேலேயே அந்த எண் வெட்டியிருக்கும். கதவில்லாத வீட்டில் அடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்த கதைதான் என் வேனின் கதை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாமல் ஒயிலோடு கலந்து, ஒயில் சேறாகும், சிலிண்டர் தேயும். கொழும்பில் அது தெரியாமல் ஓடியிருக்கலாம். இங்கே ஓடாது.

சரி, தெர்மோஸ்டாட்டை மறுபடி போட்டேன். உடனே பழைய வியாதி வெளியே வந்தது. இறம்பொடை ஏற்றத்தில், நண்பகலில், வேன் கொதித்தது. காலையில் விறைப்பதும் மத்தியானம் கொதிப்பதும் ஒரே வண்டிதான்.

மலையேற்றத்தில் கொதிப்பதற்கு ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த பேன், தளர்ந்த பெல்ட் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான், ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ரேடியேட்டர் மூடியை. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். (எங்கள் வீட்டுப் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.) ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கொதிநிலையை இருபது பாகை உயர்த்திக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்த மூடி கீழ்நாட்டில் ஒப்பேற்றிவிடும், மேலே 94இலேயே கையை விரித்துவிடும். என் வேனின் கொதிப்பு ஒரு மூடியோடு முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசி ரேடியேட்டருக்குள் இருந்த துரு. இத்தனை வருடமும் எல்லோரும் வழியில் தெரிந்த பீலியிலெல்லாம் போத்தலில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். கூலண்ட் என்பது உறையாமலிருக்க ஊற்றுவது, நமக்கெதற்கு என்று நானும் நினைத்தவன்தான். நமக்கு அது வேண்டியது துருப்பிடிக்காமலிருக்க.

டீசலில் தண்ணீர் சேர்வது இன்னொரு தொல்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்ததையெல்லாம் கேன்களில் பிடித்து வைத்திருந்தோம். கியூஆர் வைத்து அளந்து கொடுக்கத் தொடங்கியபிறகும் டேங்க் எப்போதும் அடிமட்டத்தில்தான் ஓடியது. அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் பில்டருக்கு வந்துசேர்ந்தன. ஏறும்போது இழுத்து இழுத்து, உதறி உதறிப் போனால் முதலில் பில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும், டீசல் மேலே நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்கி, மேலே இருக்கும் கைப்பம்பைக் கை வலிக்கும்வரை அடிக்கவேண்டும். மாதம் ஒரு முறை செய்கிறேன். முடிந்தவரை டேங்க்கை ராத்திரியில் காலியாக விடுவதில்லை.

எஞ்சின் ஒயிலில் நான் நீண்ட காலம் 20 டபிள்யூ 50தான் ஊற்றினேன், பழைய எஞ்சினுக்குக் கெட்டியான ஒயில் நல்லது என்று சொல்லக்கேட்டு. டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும், அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால் குளிரில் இளகலாக ஓடும். 15 டபிள்யூ 40க்கு மாறியபிறகு செல்ப் கொஞ்சம் இலகுவாகச் சுழல்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை.

அப்பாவின் வைத்தியங்களில் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் லொறி ஓட்டிய காலத்தில் ராத்திரி எஞ்சின் மேல் கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டுவிட்டு வருவார். காலையில் அம்மா அடுப்பில் வைத்த கொதிதண்ணீரை, காற்று இழுக்கும் மெனிபோல்ட் மேல் சுற்றிய சாக்கில் ஊற்றுவார். பம்பின் மேல் ஒரு சொட்டுப் படவிடமாட்டார், உள்ளே மயிரிழை இடைவெளியில் ஓடும் இரும்பு இறுகிக்கொள்ளும் என்பார். காற்று வழியில் பெட்ரோல் துணியைக் கொளுத்திக் காட்டும் ஆட்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. எஞ்சினைக் கிளப்ப ஸ்பிரே அடிப்பதும் அதே ரகம், பழுத்த ஹீட்டர் பிளக் இருக்கும் எஞ்சினில் அது வெடி வைப்பதற்குச் சமம். இன்னொன்றும் சொல்வார்: "குளிரு தண்ணி மாதிரி, பள்ளத்துல போய் தேங்கும்." காற்றில்லாத இரவில் கனத்த குளிர்காற்று சரிவு வழியாக வழிந்து ஆற்றோரத்தில் தங்குவதை அவர் கருகிய தேயிலையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். நான் வேனை இப்போது மேட்டு லயத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறேன். பணிய லயத்து ஓட்டோக்களின் கூரை வெள்ளையாக இருக்கும் நாட்களில்கூட என் கூரையில் வெறும் ஈரம்தான்.

பிரேக் விஷயத்தில் மட்டும் நான் இப்போது கஞ்சத்தனம் செய்வதில்லை. எங்களுக்குக் கண்டிக்குப் போவதென்றால் லபுக்கலை, இறம்பொடை வழியாக 1,300 மீட்டருக்கு மேல் இறங்குவது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாதி, மூடியைத் திறக்காவிட்டாலும் வருடக்கணக்கில் உறிஞ்சும். எங்கள் மாதிரி எந்நேரமும் மூடுபனி படிந்த ஊரில் அதற்குப் பஞ்சமேயில்லை. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபிறகு 140இலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். கொதித்தால் பைப்பில் ஆவி, ஆவி நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுகிறேன். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்கு வந்து திரும்பும் கீழ்நாட்டு வேன்கள், கினிகத்தேனை இறக்கத்தில் லைனிங் தீய்ந்த வாடையோடு ஓரம் கட்டி நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அப்பா காலத்துப் பாடம். டீசல் தட்டுப்பாட்டில் நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடிப்பதாகப் பலர் பெருமையாகச் சொன்னார்கள். நானும் ஓரிரு தரம் செய்தேன், மறைப்பானேன். பிறகுதான் புரிந்தது, கியரில் போட்டு மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கினால் பம்ப் டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஓடுவதற்கென்று டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

கண்ணாடியில் ஆவி படிவதற்கு ஏசி இருப்பவர்கள் ஏசியைப் போடுங்கள், குளிரிலும்தான், அது ஈரத்தை உறிஞ்சும். எனக்கு ஏசி இல்லை. இரண்டு ஜன்னலையும் இரண்டு விரல் அளவு திறந்து, பயணிகளின் ஏச்சை வாங்கிக்கொள்கிறேன். வெளிப்பக்கத்துக்கு வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்த்தால் மழைத்தண்ணீர் திரளாமல் படர்ந்து ஓடும். நுவரெலியா உருளைக்கிழங்கு விற்கும் விலைக்கு அது கொஞ்சம் ஆடம்பரம்தான். உறைபனி படிந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், ஒருவர் ஊற்றி முன் கண்ணாடி மூலைக்கு மூலை விரிந்ததைப் பார்த்தேன். பச்சைத்தண்ணீரே போதும்.

ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. ஈரக்காலத்தில் டிரம்முக்குள் லைனிங் துருவோடு ஒட்டிக்கொண்டு, காலையில் சக்கரம் சுழல மறுக்கும். ஒரு தரம் அதையும் 'குளிரில் உறைந்துவிட்டது' என்று சொல்லியிருக்கிறேன். கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் வழக்கம். மலையகத்தில் எந்த ஏற்றத்திலும் ரோட்டின் நடுவில் இப்படி யாரோ வைத்துவிட்டுப் போன கல் ஒன்று கிடக்கும், இருட்டில் மோட்டார்சைக்கிள்காரன் விழுவதற்கென்றே. அதனால் எங்கள் கல்லுக்கு ஒரு கயிறு கட்டி, மறுமுனையை வேனில் மாட்டியிருக்கிறோம். எடுப்பது மகளின் வேலை.

போன கிழமை ஆச்சிக்கு மறுபடி கிளினிக். நாலரைக்கு மகள் முன்சீட்டில் ஏறி மணிச் சுவிட்சை அமத்தி, பத்து வரை சத்தமாக எண்ணினாள். வேன் எடுத்தது. பின்பக்கம் போய்க் கல்லைத் தூக்கியவள் அங்கேயே நின்றாள்.

"அப்பா, சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருக்கு."

"பனிம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கிப் போய் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். பிரேக் ஒயில்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓட்டோக்காரத் தம்பிக்குப் போன் பண்ணினேன். ஆச்சி கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். "குளிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல ஆச்சி, வீல் சிலிண்டர்."